யூதர் என்னும் பெயர்

மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலந்தள்ளும் எளியேனிடம், ஆண்டு விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது முதலில் தயங்கினேன். தயக்கத்தைத் தீர்த்து வைத்தவள் என் மகள். ஆங்கிலப் புத்தகத்தில் ‘ஜூ’ என்றும், இந்திப் புத்தகத்தில் ‘யஹூதி’ என்றும், வீட்டிலுள்ள தமிழ்ப் புத்தகத்தில் ‘யூதர்’ என்றும் கண்ட அவள், “இவர்கள் மூவரும் ஒருவர்தாமா, அப்பா?” என்று வினவினாள். ஒருவர்தாம் என்று சொல்லிவிட்டேனே ஒழிய, எவ்வாறு என்று விளக்கத் தெரியவில்லை. அதன்பின் தேடிப் படித்தவற்றையே ஈண்டு எழுதத் துணிந்தேன்.

எபிரேய மறையின்படி, யாக்கோபு என்னும் முன்னோருக்கு லேயாள் வயிற்றில் பிறந்த நான்காம் புதல்வன் யெஹூதா. இறைவனைத் துதிப்பேன் என்று கூறித் தாய் இட்ட பெயராதலின், துதி என்பதே அதன் பொருளாகக் கொள்ளப்பட்டது. அவன் பெயரால் ஒரு குலமும், குலத்தின் பெயரால் ஒரு நாடும் வழங்கலாயின. வடக்கேயிருந்த இஸ்ரவேல் அரசு கி.மு. 722இல் அசீரியரிடம் வீழ்ந்தது. தெற்கேயிருந்த யூதா அரசு கி.மு. 586இல் பாபிலோனியரிடம் வீழ்ந்தது. நாடு போயிற்று, பெயர் மட்டும் மக்களைப் பற்றிக்கொண்டு உடன் சென்றது.

எஸ்தர் ஆகமத்தில் இதற்கு நல்லதொரு சான்று உண்டு. மொர்தெகாய் என்பவர் பென்யமீன் குலத்தினர். யூதா குலத்தினர் அல்லர். எனினும் அந்நூல் அவரை ‘யெஹூதி’ என்றே அழைக்கின்றது. குலப்பெயர் மக்கள் அனைவர்க்கும் உரிய பெயராக விரிந்துவிட்டமை இதனால் புலனாகும். அதே நூலின் தொடக்கத்தில் பாரசீக மன்னனின் ஆட்சியெல்லை கூறப்படுமிடத்து நம் நாடும் வருகின்றது, ‘ஹோது’ என்னும் பெயரோடு. சிந்து நதியின் பெயர் பாரசீகர் நாவில் திரிந்து அங்குச் சென்ற வடிவம் அது. அந்நதியைக் கண்ணாலும் காணாத நம்மையும் சேர்த்தே பிறர் அப்பெயரால் அழைத்தனர்.

யெஹூதி என்பது அரபியிலும் பாரசீகத்திலும் புகுந்து, அவ்வழியே வடநாட்டு மொழிகளில் யஹூதி ஆயிற்று. கிரேக்கத்தில் யூதாயோஸ், இலத்தீனில் யூதேயுஸ் என்று திரிந்த சொல், பிரெஞ்சு மொழியில் தகர ஒலியை இழந்து, ஆங்கிலத்தில் ‘ஜூ’ என ஓரெழுத்தாய்க் குறுகியது. விவிலியத் தமிழோ ‘யூதர்’ என்று தகரத்தைக் காத்துக்கொண்டது. எபிரேயர் என்னும் மற்றொரு பெயருக்கு ‘கடந்து வந்தோர்’ என்று பொருள் கூறுவாருண்டு. நம் வழக்கில் சொன்னால், அக்கரைக்காரர்!

துதி என்று பொருள்படும் இச்சொல்லை ஐரோப்பியர் பலர் நூற்றாண்டுக் கணக்கில் வசைச் சொல்லாக வழங்கினர். 1941இல் ஜெர்மானிய அரசு அதனை மஞ்சள் நட்சத்திரத்தில் பொறித்து அம்மக்களின் மார்பில் தைத்துக்கொள்ளச் செய்தது. பின் நிகழ்ந்ததை உலகறியும். அறுபது இலட்சம் உயிர்கள் மாண்டன.

இனி நம் கரைக்கு வருவோம். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000ஆம் ஆண்டளவில் யூத வணிகர் தலைவர் ஒருவருக்கு வழங்கிய செப்பேடு கொச்சியில் மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்தாரிடம் இருந்து வந்துள்ளது. எழுத்து வட்டெழுத்து, மொழியோ, பொறுமையோடு படித்தால் நமக்கும் பெரும்பாலும் விளங்குவது. குடை, பல்லக்கு, பகல்விளக்கு முதலிய சிறப்புகளோடு எழுபத்திரண்டு ‘வீடுபேறு’ அவருக்கு அளிக்கப்பட்டன. (வீடுபேறு என்றதும் மோட்சம் என்று மயங்க வேண்டா, ஈண்டு அது விடப்பட்ட உரிமையைக் குறிக்கும்.) வியப்பு யாதெனில், அச்செப்பேட்டில் யூதர் என்னும் சொல்லே இல்லை. ஜோசப் ரப்பான் என்னும் அவருடைய பெயரைத் தமிழ் நாவுக்கேற்ப ‘இசுப்பு இரப்பான்’ என்பது போல எழுதி, ‘அஞ்சுவண்ணம்’ அவருக்கு உரியது என்று மட்டும் மன்னன் கூறினான்.

அஞ்சுவண்ணம் என்பது யூதரைக் குறித்த சொல் என்று சிலர் முன்னாளில் எழுதினர். எனக்கு அது பொருந்தவில்லை. கி.பி. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேட்டிலும் இச்சொல் வருகின்றது. அங்குச் சாட்சிக் கையொப்பங்கள் அரபி எழுத்திலும், பாரசீகப் பகலவி எழுத்திலும், எபிரேய எழுத்திலும் உள்ளன. ஆகவே கடல் கடந்து வந்த பல சமயத்து வணிகரின் கூட்டமே அஞ்சுவண்ணம் எனக் கொள்வது தகும். நம் முன்னோர் வந்தவரை முதலில் வணிகராகவே கண்டனர் போலும். சென்னையிலும் அவ்வாறே: 1688இல் அமைந்த நகராட்சி மன்றத்தில் எபிரேய வணிகரும் இடம் பெற்றனர். அவர்தம் பவழ வாணிகத்தை நினைவூட்டும் பவழக்காரத் தெரு இன்றும் உள்ளது.

கொச்சியில் பிற்காலத்தில் ஐரோப்பாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த யூதர் 1568இல் கட்டிய ஆலயத்திற்குப் ‘பரதேசி’ ஆலயம் என்று பெயர். பிற தேசத்தவர் என்பதே பொருள்; நாம்தாம் அதைப் பிச்சைக்காரனுக்கு ஆக்கி வசையாக்கிவிட்டோம். ஆனால் புகழ மட்டுமே எழுதினால் அது சரித்திரமாகாது. அந்தப் பரதேசிகள், அடிமை நிலையினின்று விடுவிக்கப்பட்டோரின் வழிவந்த தம் சமயத்தாரையே ஆலய இருக்கைகளில் அமர விட்டிலர். தரையில் அமரச் செய்தனர். அவ்வழியில் தோன்றிய வழக்கறிஞர் ஏ.பி. சேலம், காந்தியடிகளின் முறையைப் பின்பற்றி ஆலயத்துள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. பெயரால் ஒதுக்கப்பட்டவரே பெயர் சொல்லிப் பிறரை ஒதுக்கியதைப் படித்தபோது மனம் சற்றே கசந்தது.

நம் தில்லியிலும் ஹுமாயூன் சாலையில் 1956இல் எழுந்த யூதா ஹையாம் ஆலயம் இருக்கின்றது. ஒரு விடுமுறை நாளில் மகளை அழைத்துச் சென்று பெயர்ப்பலகையைக் காட்டினேன். “யூதா! லேயாளின் நாலாவது பிள்ளை!” என்றாள். வீடு திரும்பும் வழியில், அடுத்த வீட்டார் நம்மை ‘மதராசி’ என்பது ஏன் என்று கேட்டாள். நாங்கள் திருநெல்வேலிக்காரர், சென்னையில் ஒரு நாளும் வாழ்ந்ததில்லை.

1950களில் கொச்சி யூதர் பெரும்பாலோர் இஸ்ரேல் நாடு சென்று குடியேறினர். ஈராயிரம் ஆண்டு ஏங்கிய தாயகத்தில், சுற்றிலும் யூதரே நிறைந்த இடத்தில், அவர்களை யூதர் என்று தனித்து அழைப்பார் யார்? அங்கு அவர்களுக்கு வழங்கிய பெயர் ‘கொச்சினிம்’, கொச்சிக்காரர் என்பதாம். இதை மகளிடம் சொன்னேன். சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “கோடை விடுமுறையில் ஊருக்குப் போனால் பாட்டி தெருவில் எல்லாரும் என்னை டில்லிக்காரி என்கிறார்களே, அது போலவா?” என்றாள்.