இரவல் வாங்கிய அச்சம்



'நம்முடைய மர்மப் படங்களும் பேய்ப் படங்களும் ஆங்கிலப் படங்களைப் பார்த்து எடுத்தவைதாமே?' என்னும் கேள்வியை நான் வகுப்பறையில் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்பவர் குரலில் சிறிது ஏளனமும் சிறிது வருத்தமும் கலந்தே ஒலிக்கும். 'ஆம்' என்று ஒப்புக்கொண்டுவிடுவதும் எளிது. 'இல்லவே இல்லை' என்று மறுத்துவிடுவதும் எளிது. ஆனால் வரலாறு இவ்வளவு எளிய விடைக்கு இடம் கொடுப்பதில்லை. யார் எதை வாங்கினார், வாங்கியதை என்ன செய்தார், வாங்கியதாகச் சொன்னாரா என்னும் மூன்று கேள்விகளையும் தனித்தனியே கேட்டாலன்றி உண்மை புலப்படாது.

முதலில் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். சினிமா என்னும் கலையே நமக்கு வெளியிலிருந்து வந்ததுதான். அது தென்னாட்டில் வேரூன்றிய வரலாற்றில் நம் திருச்சிராப்பள்ளிக்குத் தனி இடம் உண்டு. 1905ஆம் ஆண்டில், தென்னிந்திய ரயில்வேயில் பணிபுரிந்துகொண்டு திருச்சியில் வாழ்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் ஊராகச் சென்று படம் காட்டிவந்த டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக் கருவியையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கினார். உத்தியோகத்தை உதறிவிட்டுக் கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கினார். பிறகு கோயம்புத்தூரில் நிலையான அரங்கமும் கட்டினார். கருவியும் அயல்நாட்டது, அதில் ஓடிய படமும் அயல்நாட்டது. கூடாரத்தில் அமர்ந்து வியந்த கண்கள் மட்டுமே நம்முடையவை. தமிழ்ப் படக்கலை இரவலிலேதான் பிறந்தது என்று சொல்வதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

அச்சுறுத்தும் படங்களின் கதைக்கு வருவோம். 1931ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'டிராகுலா', 'பிராங்கன்ஸ்டைன்' என்னும் இரு படங்கள் வெளிவந்து உலகையே நடுங்கச் செய்தன. இங்கிலாந்தில் இத்தகைய படங்களுக்கென்றே 1932இல் தனியான எச்சரிக்கைக் குறி ஏற்படுத்த நேர்ந்தது. 'பிராங்கன்ஸ்டைன்' படத்தை இயக்கிய ஜேம்ஸ் வேல் என்பவரே 1939இல் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையையும் படமாக்கினார். மறு ஆண்டிலேயே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம், அந்தக் கதையைத் தழுவி 'உத்தம புத்திரன்' எடுத்தார். புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா அதில் இரட்டை வேடம் தாங்கினார். பிரெஞ்சு நாவல் அமெரிக்கப் படமாகிக் கடல் கடந்து சேலத்தில் தமிழ் பேச ஓராண்டுக் காலமே போதுமானதாயிருந்தது!

பதினோரு ஆண்டுகள் கழித்து, 1951இல், 'மர்மயோகி' வந்தது. கே. ராம்நாத் இயக்கிய அந்தப் படத்திற்குக் கதை வசனம் எழுதியவர் ஏ. எஸ். ஏ. சாமி. மேரி கொரெல்லியின் பழிவாங்கும் கதை, ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்', அமெரிக்கத் திரையில் புகழ்பெற்ற ராபின் ஹூட் கதை ஆகிய மூன்று ஊற்றுகளின் நீரும் அதில் கலந்திருந்தன. எம். ஜி. ஆர். ஏற்ற கரிகாலன் பாத்திரத்தில் ராபின் ஹூடின் சாயலைக் காணலாம். கொல்லப்பட்டதாகக் கருதப்பட்ட மன்னனின் ஆவி தோன்றி அரசியை நடுங்கவைக்கும் காட்சிகள் அதில் உண்டு. அந்தக் காட்சிகளின் காரணமாகவே, 'வயது வந்தோருக்கு மட்டும்' என்னும் சான்றிதழைப் பெற்ற முதல் தமிழ்ப் படமாக அது அமைந்தது.

ஆனால் அந்த ஆவி உண்மையில் ஆவியன்று. உயிரோடு மறைந்து வாழும் மன்னனே. மாக்பெத்தின் விருந்தில் தோன்றும் உருவம் குற்றமுள்ள நெஞ்சின் நிழல். தமிழ்ப் படத்தில் தோன்றுவதோ நீதி கேட்டு வந்த மனிதன். அச்சம் இரவலாயிருக்கலாம், அந்த அச்சத்தை அறத்தின் கையில் ஒப்படைத்தது இங்கே நிகழ்ந்த மாற்றம்.

இதைவிடச் சிறந்த சான்று 1954இல் வெளிவந்த 'அந்த நாள்'. அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' என்னும் ஜப்பானியப் படம் 1951இல் இத்தாலியின் வெனிஸ் விழாவில் முதற்பரிசு பெற்று உலகப் புகழ் அடைந்தது. ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவிதமாகச் சொல்லும் அதன் முறை, வீணை வித்தகர் எஸ். பாலசந்தரை மிகவும் கவர்ந்தது. அம்முறையில் அவர் ஒரு கதையை எழுதி, வானொலி நாடகமாக்க முன்வந்தார் என்றும், அது ஏற்கப்படவில்லை என்றும் சொல்வார்கள். வானொலி இழந்ததைத் திரையுலகம் பெற்றது! ஏவி. எம். நிறுவனம் அதைப் படமாக்கியது. ஜாவர் சீதாராமன் திரைக்கதை வசனம் எழுதினார். பாட்டு ஒன்றுகூட இல்லாத தமிழ்ப் படமாக அது வெளிவந்தது.

கொலையுண்டவன் ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன். காலம், 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய சமயம். குரோசாவாவின் காட்டில் உண்மை எதுவென்று கடைசிவரை துலங்குவதில்லை. 'அந்த நாள்' படத்திலோ உண்மை வெளிப்படுகிறது. வெளிப்பட்டபின் நாட்டுப்பற்றா, இல்லற அன்பா என்னும் பெருங்கேள்வி நம்முன் நிற்கிறது. வடிவம் ஜப்பானியருடையது, வழக்கு முழுவதும் சென்னையினுடையது.

இனிச் சற்று இத்தாலி நாட்டை எட்டிப்பார்ப்போம். அங்கேயும் அமெரிக்கப் படங்களைப் பின்பற்றி விரைவாகவும் மலிவாகவும் படம் எடுத்துத் தள்ளிய ஒரு காலம் இருந்தது. அந்நாட்டு மக்கள் அமெரிக்கப் படம் என்றால் விரும்பிச் சென்றமையால், இத்தாலிய இயக்குநர்கள் தம் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். திகில் படங்களில் பெயர்பெற்ற மாரியோ பாவா, 'ஜான் எம். ஓல்ட்' ஆனார். செர்ஜியோ லியோனே 1964இல் தம் முதல் துப்பாக்கி வீரர் படத்தை வெளியிட்டபோது 'பாப் ராபர்ட்சன்' ஆனார். அந்தப் படமோ குரோசாவாவின் 'யோஜிம்போ'வைத் தழுவியது. அவர் தரப்பினர் உரிமை கோரவே, வருவாயில் பங்கு கொடுத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று.

1973இல் 'எக்ஸார்சிஸ்ட்' என்னும் அமெரிக்கப் பேயோட்டும் படம் வெளிவந்தது. மறு ஆண்டே அதைப் போன்ற படம் இத்தாலியில் தயாராயிற்று. மூலப்படத்து நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ஜார்ஜ் ரொமேரோவின் நடைபிணப் படம் ஒன்று 1978இல் இத்தாலியில் 'சோம்பி' என்னும் பெயரால் வெளியானது. அடுத்த ஆண்டு லூச்சியோ புல்சி எடுத்த படம், முன்னதோடு கதைத் தொடர்பு இல்லாமலே, 'சோம்பி 2' என்று பெயர் சூட்டிக்கொண்டது!

நம் நாட்டிலும் அதே பேய்கள் பின்னர் வந்திறங்கின. 1976இன் அமெரிக்கப் படமான 'ஓமன்', 1991இல் 'ஜென்ம நட்சத்திரம்' ஆயிற்று. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். இத்தாலியர் தம் பெயரை மறைத்து அமெரிக்கப் பெயரைப் பூசிக்கொண்டனர். நம்மவர் பலர் அமெரிக்க மூலத்தை மறைத்துத் தம் பெயரை மட்டும் எழுதிக்கொண்டனர். திசை வேறு, மறைத்தல் ஒன்றே. தவறு என்று நான் கருதுவது இந்த மறைத்தலையே, வாங்கியதை அன்று. யூகோவின் நாவலைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' எனத் தமிழாக்கினார். 1950இல் ராம்நாத் அந்தக் கதையைப் படமாக்கியபோது அதே பெயரையே சூட்டினார். அப்படி வெளிப்படையாக நடந்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள்.

வாங்கும் முறையை நாம் அயலாரிடம் கற்க வேண்டியதில்லை. காவிரியைக் கடந்து திருவரங்கம் செல்லுங்கள். தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பர் மண்டபம் இருக்கிறது. இராமகாதை அங்கே அரங்கேறியது என்பது மரபு. வடமொழியில் இக்கதையைச் சொன்னோருள் முதல்வரான வான்மீகியைப் பின்பற்றியே தாம் பாடுவதாகக் கம்பர் அவையடக்கத்தில் வெளிப்படையாகக் கூறிவிட்டார். ஆயினும் இரணியன் வதைப் படலத்தைப் பாடியபோது, 'இது வான்மீகத்தில் இல்லையே' என்று சிலர் தடை எழுப்பினராம். அப்போது அருகிலுள்ள மேட்டழகிய சிங்கர் தலையசைத்துச் சிரித்து ஏற்றுக்கொண்டார் என்று சொல்லுவார்கள். தூணைப் பிளந்து தோன்றும் நரசிங்கத்தைவிட அச்சம் தரும் காட்சி எந்த நாட்டுத் திரையில் உண்டு? மூலத்தில் இல்லாத அந்தப் பகுதிக்குத்தான் தெய்வத்தின் ஒப்புதல் கிடைத்ததாக மரபு கூறுகிறது. இந்தக் கதையைச் சரித்திரச் சான்றாக நான் காட்டவில்லை. இரவலைப் பற்றி நம் முன்னோர் கொண்டிருந்த கருத்துக்குச் சான்றாகவே காட்டுகிறேன். வாங்கியதைச் சொல்லிவிடு, பிறகு வாங்காத ஒன்றைச் சேர்.

பேய்களுக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் பசியால் வாடுகின்றன. போர்க்களத்தில் கூழ் சமைத்து உண்கின்றன. படிப்பவர் அஞ்சிக்கொண்டே சிரிக்கிறார். 2011இல் வெளிவந்த 'காஞ்சனா' போன்ற படங்களில் மக்கள் அலறிய மறுகணமே வாய்விட்டுச் சிரித்தபோது, அந்தப் பழைய பரணிச் சிரிப்பே எனக்கு நினைவு வந்தது. அமெரிக்கப் பேயைத் தமிழ்நாட்டில் குடியேற்றினாலும், சில நாளில் அது நம் ஊர்ப் பேயாகிவிடுகிறது.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை ஒரு படத்தைப் பார்த்து 'இது அங்கிருந்து எடுத்தது' என்று கண்டுபிடித்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நின்றுவிடாதீர்கள். மூலத்தையும் தேடிப் பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது விடப்பட்டது, எது புதிதாகச் சேர்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். சேர்ந்தது ஒன்றுமே இல்லையென்றால் அது வெறும் நகல். சேர்ந்தது உண்டு, ஆனால் மூலவருக்கு உரிய நன்றி இல்லை என்றால் அது தீராத கடன். நாளை உங்களுள் யாரேனும் கதை எழுதவோ படம் எடுக்கவோ முற்பட்டால், அந்தக் கடனைப் படத்தின் முதல் எழுத்திலேயே தீர்த்துவிடுங்கள்.