சொகுசுக் கப்பல் பயணிகளுக்கான அறிவுரைகள்: அவை பிறந்த வரலாறு

சொகுசுக் கப்பலில் ஏறும் பயணிக்கு முதல் நாளிலேயே பல அறிவுரைகள் சொல்லப்படுகின்றன. அபாயச் சங்கு ஒலித்தால் எங்கே கூட வேண்டும், அறைக்குள் எதையெல்லாம் கொண்டுவரக் கூடாது, கரையில் இறங்கினால் எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று பட்டியல் நீளும். விடுமுறைக்கு வந்தவர்களுக்கு இவை சலிப்பைத் தரலாம். ஆனால் இவற்றுள் முக்கியமானவை பல, ஒரு விபத்துக்குப் பின்போ ஒரு நோய்ப் பரவலுக்குப் பின்போ வலுப்பெற்றவை. எந்த அறிவுரைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரிந்தால் அதைக் கடைப்பிடிப்பது எளிதாகும். மாணவர்களுக்கும் முதல்முறை கப்பல் ஏறுவோருக்கும் பயன்படும் வகையில் அவ்வரலாறு இங்கே சுருக்கமாகத் தரப்படுகிறது.

சொகுசுக் கப்பலின் தோற்றம்

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கப்பல் பயணம் என்பது ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேர்வதற்காகவே இருந்தது. ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்றே கப்பலில் செல்லும் வழக்கம் பரவ ஒரு வணிகச் சிக்கலும் காரணமாயிற்று. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த ஹாபாக் நிறுவனம் நியூயார்க்குக்குப் பயணிகள் கப்பல்களை இயக்கி வந்தது. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் கடல் கொந்தளிக்கும். பயணிகள் குறைந்துவிடுவார்கள். பெரிய கப்பல்கள் வருமானமின்றி நிற்கும். அந்நிறுவனத்தின் ஆல்பர்ட் பாலின் இதற்கு ஒரு வழி கண்டார். 1891 சனவரி 22 அன்று 'அவுகுஸ்டா விக்டோரியா' என்னும் கப்பல் 241 பயணிகளுடன் மத்தியதரைக் கடலுக்குச் சுமார் இரண்டு மாத உல்லாசப் பயணம் புறப்பட்டது. இத்தகைய பயணங்களுக்கென்றே கட்டப்பட்ட 'பிரின்செசின் விக்டோரியா லூயிசே' 1900இல் வெள்ளோட்டம் விடப்பட்டது.

1950களின் இறுதியில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கின. ஊர் போய்ச் சேர்வதற்குக் கப்பலை நாடுவோர் குறைந்தனர். 1960களின் பிற்பகுதியிலிருந்து மயாமியை மையமாகக் கொண்டு கரீபியன் தீவுகளுக்கான உல்லாசப் பயணங்கள் பெருகின. 2024 சனவரியில் பயணிகள் சேவையைத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் 20 தளங்கள் உள்ளன. 7,000க்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றலாம். அது கடலில் மிதக்கும் ஒரு சிறு நகரம். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளியேற வேண்டி வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்துதான் முதல் அறிவுரை பிறக்கிறது.

டைட்டானிக் கற்பித்த பாடம்

1912 ஏப்ரல் 14 நள்ளிரவுக்குச் சற்று முன் டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. கப்பலில் ஏறத்தாழ 2,200 பேர் இருந்தனர். 20 படகுகளிலும் சேர்த்து 1,178 பேருக்கு மட்டுமே இடம். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பது வியப்பானது. அன்றைய பிரிட்டிஷ் விதி 10,000 டன்னுக்கு மேற்பட்ட எல்லாக் கப்பல்களையும் ஒரே வகையாகக் கருதி, 16 படகுகள் போதும் என்றது. டைட்டானிக்கின் அளவோ 46,000 டன்.

இருந்த படகுகளும் நிரம்பவில்லை. 65 பேர் அமரக்கூடிய முதல் படகில் 28 பேரே இறக்கப்பட்டனர். இருளில் சிறு படகில் இறங்குவதைவிடப் பெரிய கப்பலிலேயே இருப்பது பாதுகாப்பு என்று பலர் எண்ணினர். எந்தப் படகுக்குச் செல்ல வேண்டும் என்ற பயிற்சி பயணிகளுக்கு அளிக்கப்படவில்லை. சுமார் 1,500 பேர் இறந்தனர்.

இதன் விளைவாக 1914 சனவரியில் இலண்டனில் 'சோலாஸ்' எனப்படும் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை உருவானது. கப்பலில் உள்ள அனைவருக்கும் படகில் இடம் வேண்டும் என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. முதல் உலகப் போரால் அது திட்டமிட்டபடி நடைமுறைக்கு வரவில்லை. பின்னர் 1929, 1948, 1960, 1974 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையே திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது.

பயணி செய்ய வேண்டியது: அறைக் கதவின் உட்புறம் ஒரு வரைபடம் இருக்கும். அதில் உங்கள் கூடுமிடத்தின் எண்ணைப் பாருங்கள். மாலைக்குள் ஒருமுறை அறையிலிருந்து அங்கே படிக்கட்டு வழியாக நடந்து பாருங்கள். ஆபத்தின்போது மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது. ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் தொடர்ந்து கேட்டால், அது கூடுமிடத்துக்கு வரச் சொல்லும் அழைப்பு.

லைஃப் ஜாக்கெட்டும் தீயும்

1915 மே 7 அன்று அயர்லாந்து கடற்கரைக்கு அருகே ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கியதில் லூசிடானியா 18 நிமிடங்களில் மூழ்கியது. ஏறத்தாழ 1,200 பேர் இறந்தனர். லைஃப் ஜாக்கெட்டைத் தவறாக அணிந்ததால் நீரில் தலைகீழானவர்களும் அவர்களுள் உண்டு.

1934 செப்டம்பர் 8 அதிகாலை, ஹவானாவிலிருந்து நியூயார்க் திரும்பிய 'மோரோ காசில்' என்னும் உல்லாசக் கப்பல் தீப்பிடித்தது. கேப்டன் முந்தைய நாள் மாலைதான் இறந்திருந்தார். முறையான தீயணைப்புப் பயிற்சி நடைபெற்றிருக்கவில்லை. முதலில் இறங்கிய படகுகளில் பெரும்பாலும் ஊழியர்களே இருந்தனர். தக்கையால் ஆன லைஃப் ஜாக்கெட்டுடன் உயரத்திலிருந்து குதித்த சிலர், நீரில் விழுந்த வேகத்தில் அது கழுத்தில் மோதியதால் இறந்தனர். மொத்தம் 137 பேர் மாண்டனர்.

தமிழர்களுக்கு நெருக்கமான ஒரு துயரமும் உண்டு. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களை இணைத்த எம்.வி. சிதம்பரம் கப்பல், 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னை திரும்பும் வழியில் தீப்பிடித்தது. பல பயணிகள் உயிரிழந்தனர். அது உல்லாசக் கப்பல் அன்று. உறவினரைப் பார்க்கவும் பிழைப்புக்காகவும் சென்றோரின் கப்பல். ஆனால் கடல் நடுவே தீ எல்லாருக்கும் ஒன்றுதான். 2006 மார்ச்சில் ஜமைக்கா அருகே 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலின் பால்கனிகளில் தீ பரவி ஒருவர் இறந்தார். யாரோ வீசிய சிகரெட் துண்டே காரணமாக இருக்கக்கூடும் என விசாரணை கூறியது.

பயணி செய்ய வேண்டியது: இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர், மெழுகுவத்தி ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பூசை செய்யும் வழக்கமுள்ளவர்கள் ஊதுபத்தியையும் கற்பூரத்தையும் தவிர்க்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை ஊழியர் காட்டும் முறையில் அணிந்து, வார்களை இறுக்கிக் கட்டுங்கள். ஊழியர் சொல்லாமல் கடலில் குதிக்காதீர்கள்.

நோயும் கை கழுவுதலும்

கப்பலோடு நோய் வரும் என்பதை மத்தியதரைக் கடல் துறைமுகங்கள் பிளேக் காலத்திலேயே அறிந்திருந்தன. 1377இல் ரகூசா நகரம் வெளியூரிலிருந்து வருவோரை 30 நாள் ஒதுக்கி வைத்தது. பின்னர் அது 40 நாளாக நீண்டது. 'நாற்பது' என்னும் இத்தாலியச் சொல்லிலிருந்தே 'குவாரன்டைன்' என்ற சொல் வந்தது.

அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் 1975 முதல் சொகுசுக் கப்பல்களின் சுகாதாரத்துக்கெனத் தனித் திட்டம் நடத்துகிறது. அதன் அதிகாரிகள் முன்னறிவிப்பின்றி வந்து 100க்கு மதிப்பெண் இடுவர். 85 அல்லது அதற்குக் கீழே வாங்கினால் கப்பல் தேர்ச்சி பெறாது. வாந்தியும் பேதியும் உண்டாக்கும் நோரோ வைரஸ்தான் கப்பல்களில் அடிக்கடி தொல்லை தருவது. 2020 பிப்ரவரியில் யோகோகாமா துறைமுகத்தில் தடுத்து வைக்கப்பட்ட 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலில் 3,711 பேருள் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது.

பயணி செய்ய வேண்டியது: சாப்பிடும் முன்பும் கழிப்பறை சென்ற பின்பும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கிருமிநாசினித் திரவம் மட்டும் நோரோ வைரசுக்குப் போதாது. வயிற்றுக்கோளாறு வந்தால் மறைக்காமல் கப்பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மறைப்பவர் தம் பக்கத்து மேசைக்காரரையும் நோயாளி ஆக்குகிறார்.

பெட்டி, உணவு, விசா

பழைய கப்பல்களில் பெட்டிகளுக்கு இருவகைச் சீட்டு ஒட்டுவார்கள்: 'பயணத்தில் தேவை', 'பயணத்தில் தேவையில்லை'. இரண்டாம் வகைப் பெட்டி கீழ்க்கிடங்குக்குப் போய்விடும்.

1888இல் சட்டம் படிக்க இங்கிலாந்து சென்ற காந்தியடிகளின் அனுபவம் இங்கு நினைக்கத்தக்கது. ஆங்கிலத்தில் பேசக் கூச்சம், எந்த உணவில் இறைச்சி இல்லை என்று கேட்கவும் தயக்கம். ஆகவே பெரும்பாலும் தாம் கொண்டுபோன இனிப்புகளையும் பழங்களையும் அறையிலேயே உண்டார். கரை இறங்கும்போது அணிவதற்கென்று வெள்ளைக் கம்பளி உடை வைத்திருந்தார். சௌத்தாம்ப்டனில் இறங்கியபோது இலையுதிர் காலம். வெள்ளை உடையில் அவர் ஒருவரே நின்றார். மற்ற உடைகள் இருந்த பெட்டிகளைச் சாவியோடு முகவரிடம் ஒப்படைத்திருந்தார். மறுநாள் ஞாயிறு என்பதால் உடனே பெற முடியவில்லை. இதைத் தம் தன்வரலாற்றில் அவரே எழுதியுள்ளார்.

பயணி செய்ய வேண்டியது: இன்றும் பெரிய பெட்டி அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். மருந்து, கடவுச்சீட்டு, கண்ணாடி, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். சைவ உணவு வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே தெரிவியுங்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளிலிருந்து கப்பல் வெளியே சென்று மீண்டும் திரும்புமானால், பலமுறை நுழையும் விசா தேவைப்படும். கப்பலில் மருத்துவச் செலவு அதிகம். நோயாளியைக் கரைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் உள்ளடக்கிய பயணக் காப்பீடு எடுப்பது நல்லது.

கடல் குமட்டலும் கப்பல் நேரமும்

1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிய சார்லஸ் டார்வின் கடல் குமட்டலால் மிகவும் அவதிப்பட்டார். உலர்ந்த திராட்சை மட்டுமே தம் வயிற்றில் தங்குகிறது என்று தந்தைக்கு எழுதினார். இன்றைய கப்பல்களில் நீருக்கடியில் பக்கவாட்டில் நீளும் துடுப்புகள் ஆட்டத்தைக் குறைக்கின்றன. இருந்தாலும் முழுமையாக நிற்பதில்லை. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறையில் ஆட்டம் குறைவு. குமட்டல் தோன்றினால் மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள். மாத்திரை வேண்டுவோர் புறப்படும் முன்பே தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கப்பலுக்கென்று தனி நேரம் உண்டு. துறைமுக நகரின் நேரம் அதிலிருந்து மாறுபடலாம். கைப்பேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். ஆகவே கப்பல் நேரம் வைத்த கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு இறங்குங்கள். தனியாகச் சுற்றச் சென்ற பயணிக்காகக் கப்பல் காத்திருக்காது. புறப்படும் துறைமுகத்துக்கும் முதல் நாளே போய்ச் சேர்வது நல்லது.

நூறு ஆண்டுகளுக்குப் பின்

டைட்டானிக் மூழ்கி ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆன நிலையில், 2012 சனவரி 13 இரவு இத்தாலியின் ஜீலியோ தீவருகே 'கோஸ்டா கன்கோர்டியா' பாறையில் மோதியது. கப்பலில் 4,229 பேர் இருந்தனர். மின்தடை மட்டுமே என்று முதலில் பயணிகளுக்குச் சொல்லப்பட்டது. மோதி ஒரு மணி நேரத்துக்கு மேலான பின்னரே வெளியேறும் ஆணை வந்தது. 32 பேர் இறந்தனர். கேப்டனுக்குப் பின்னர் 16 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அன்று மாலை சிவிட்டவெக்கியா துறைமுகத்தில் ஏறிய சுமார் 700 பயணிகளுக்குக் கூடுமிடப் பயிற்சி நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அன்றைய விதி இருந்தது. பயிற்சி மறுநாள் நடைபெறுவதாக இருந்தது. கப்பல் அந்த மறுநாளைப் பார்க்கவில்லை. அதன் பிறகு சோலாஸ் திருத்தப்பட்டது. 2015 சனவரி 1 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும்.

கொரோனாவுக்குப் பின் பல கப்பல்களில் பயிற்சி எளிமையாகிவிட்டது. கைப்பேசியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ காணொளி பார்த்துவிட்டுக் கூடுமிடத்தில் வருகையைப் பதிந்தால் போதும். இந்த வசதியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. காணொளியை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பவர் வருகைப் பதிவில் இருப்பார். ஆனால் வழி தெரியாதவராகவே இருப்பார். குடும்பத்தோடு செல்பவர்கள் குழந்தைகளையும் முதியவர்களையும் கையோடு அழைத்துக்கொண்டு அந்த வழியை ஒருமுறை நடந்து காட்ட வேண்டும். அதற்குப் பதினைந்து நிமிடம் போதும்.