சிலுவையும் குருசும்

எங்கள் ஊர்ப்பெயரே ஒரு சொல்லாராய்ச்சிப் பாடம். தொண்டைமண்டலத்துத் தாமர்க் கோட்டத்தின் தாமர்தான் இன்றைய தாமல். ரகரம் லகரமாய்ப் புரண்டதை ஊரார் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. நாவின் இத்தகைய புரட்டுகளுக்குப் பழகிய காதோடுதான், பரங்கிமலைக் கோயிலின் கற்சிலுவை முன் நின்று, 'சிலுவை' என்று ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

பறவை, கலவை, போர்வை என்னும் வரிசையில் சிலுவையையும் உட்கார வைத்தால், அயலூர்ச் சொல் என்று யாருக்கும் ஐயம் எழாது. 'சிலு' என்றொரு பகுதி இருக்குமோ என்று தேடிச் 'சிலுசிலு' வரை போய் வெறுங்கையோடு திரும்பியவன் நான். இது திசைச்சொல், பிறந்த மொழி சுரியானி, அங்கே இதன் வடிவம் ஸ்லீவா. மெய் மொழிக்கு முதலாகாது என்பதால் இடையே ஓர் இகரம் நுழைந்தது, ச்லேஷம் நம்மிடம் சிலேடையானதுபோல. வகரத்துக்காகக் குவியும் இதழ் தனக்கு முன்னிருந்த ஈகாரத்தையும் குறுக்கிக் குவித்து உகரமாக்கிற்று என்று கொள்ளலாம். ஈற்று ஆகாரமோ, மாலா மாலையும் சபா சபையும் ஆன பழைய தடத்திலேயே ஐகாரமாய் அடங்கியது. மூன்றே அசை, மூன்றிலும் தமிழின் கைவேலை.

இதில் என்னை மிகவும் மகிழ்விப்பது அந்த வகரம். ஸ், ல், ப் என்னும் சுரியானி வேரின் பகரம், உயிருக்குப் பின் கீழைச் சுரியானியில் வகரமாய் நெகிழும். மேலைச் சுரியானி வழிபாட்டில் அது ஸ்லீபா என்றே ஒலிக்கும். கேரளத்துக் கிறித்தவரிடையே இரண்டும் உண்டு. நம்மிடம் வந்திருப்பது வகரம். ஆகவே கீழைச் சுரியானியில் வழிபட்ட பாரசீகத் திருச்சபையின் வாயிலாக வந்த சொல் என்பேன். 1547இல் பரங்கிமலையில் அடித்தளம் தோண்டியபோது கிடைத்த அந்தக் கல்லைச் சுற்றி ஓடும் எழுத்தும் பாரசீகத்துப் பகலவியே. கல்லும் சொல்லும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

அக்கல்லில் இயேசுவின் உடல் இல்லை. நான்கு முனைகளும் மொட்டவிழ்ந்தாற்போல் விரிய, மேலிருந்து ஒரு புறா தலைகீழாய் இறங்க, அடியில் இலைகள் இருபுறமும் சுருண்டெழுகின்றன. துன்பத்தின் சாயலே இல்லாத சிலுவை.

உடல் தாங்கிய சிலுவையைப் பரவலாக்கியவர்கள் போர்த்துகீசியர்; அவர்களோடு வந்த சொல் குருசு. 'குருஸ்' என்னும் அவர்கள் சொல் குற்றியலுகரம் ஏற்றுக் குருசாயிற்று. குறுக்கே மரம் இருப்பதால் குறுக்கு, அதனால் குருசு என்று அன்பர் சிலர் சொல்வதுண்டு. இடையின ரகரமும் வல்லின றகரமும் அவர்களுக்கு இடம் தரா. அறையுண்ட உருவத்துக்குப் பழைய கத்தோலிக்கர் வைத்த பெயர் 'பாடுபட்ட சுரூபம்'. சுரூபம் வடசொல், அதுவும் ஸ்வரூபத்தின் மெய்ம்மயக்கம் கலைந்து வந்ததே. ஆனால் 'பாடுபட்ட' என்னும் அடைமொழியின் கனத்தை வேறெந்தச் சொல்லால் ஈடு செய்வது?

இடைக்கால ஐரோப்பாவில் பவனியின் முன்னே நீள்தண்டில் செருகி உயர்த்திச் சென்ற குருசுகள் ஒவ்வொன்றும் படிக்கத் தெரியாதவர்க்கு ஓர் ஏடு. பலவற்றின் நான்கு முனைகளிலும் நற்செய்தியாளர் நால்வரின் குறிகள்: மத்தேயுவுக்கு மனிதன், மாற்குக்குச் சிங்கம், லூக்காவுக்கு எருது, யோவானுக்குக் கழுகு. சிலவற்றின் அடியில் ஆதாமின் மண்டையோடு. உச்சியில் தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு உதிரம் ஊட்டும் கூழைக்கடா. வேடந்தாங்கலில் நாம் பார்ப்பதும் அவ்வினந்தான். அது மீனைத்தான் ஊட்டுகிறது. 1123இல் அயர்லாந்தில் செய்த காங் குருசோ, மெய்ச்சிலுவையின் துணுக்கைப் பளிங்குக்கடியில் ஏந்துவதற்கென்றே உருவானது. நம் மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோயிலிலும் அத்தகைய துணுக்கைப் போற்றுகிறார்கள். செப்டம்பர் 14 அதன் பெருவிழா.

பின்னாளில் இரு சொற்களும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. சிலுவை கருத்தின் பக்கம் போயிற்று: சிலுவை சுமத்தல், சிலுவைப் போர், செஞ்சிலுவைச் சங்கம். குருசு மண்ணோடும் மனிதரோடும் தங்கிற்று: குமரி மாவட்டத்துச் சாலையோரக் குருசடி, குருசுமுத்து, குருசம்மாள். ஆள்பெயரில் மட்டும் சிலுவை விட்டுக்கொடுக்கவில்லை. ராஜ் கௌதமனின் நாவல் நாயகன் சிலுவைராஜ்.

கடற்கரைப் பாட்டி ஒருத்தி குருசு என்றால், அதைக் கொச்சையென்று சிலுவையாகத் திருத்த முனைவோர்க்கு ஒரு வார்த்தை: இரண்டும் கடல் தாண்டி வந்தவையே, ஒன்று முந்தியது, மற்றது பிந்தியது. பாட்டியைத் திருத்தாதீர்கள்.