கல்வெட்டும் வலைத்தளமும்

வேட்பாளரின் சொத்து, படிப்பு, வழக்கு விவரங்கள் வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் சொன்னது. இன்று எம்.பி., எம்.எல்.ஏ. வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைத் தேர்தல் ஆணைய வலைத்தளத்திலேயே படிக்கலாம். இதற்கு ஒரு முன்னோடி எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருக்கிறது நண்பர்களே!

உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-ல் தேர்தல் விதிகளைச் சுவரில் வெட்டி வைத்தார்கள். குடும்புகள் 30. வயது 35 முதல் 70 வரை. சொந்த மனை, வரி கட்டும் நிலம், வேதக் கல்வி வேண்டும். தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுத்தார்கள். அதாவது ஓட்டு இல்லை, குலுக்கல். அதுவும் பிராமணர் சபைக்கு மட்டும். அதனால் இதை மக்களாட்சி என்று கொண்டாட முடியாது.

ஆனால் காமர்ஸ் படிக்கும் எனக்கு ஒரு விதி பிடித்திருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவர் உறவினர் பெயரும் குடத்துக்குள் போகக்கூடாது!

இன்றைய பிரமாணப் பத்திரம் சொந்தச் சொத்தைக் கேட்கிறது. பதவியில் இருந்தபோது ஊர்ப் பணத்தை என்ன செய்தார் என்று கேட்பதில்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும்.