கார்டைனின் கேள்வித்தாள்

பிரஸ்ஸல்ஸ் நகரின் வடக்கே லாக்கன் என்றொரு பகுதி. பெல்ஜிய அரசரின் அரண்மனை அங்கேதான். அரச குடும்பத்தாரை அடக்கம் செய்யும் நிலவறையும் அங்குள்ள அன்னை மரியா ஆலயத்தில்தான் இருக்கிறது. அதே பங்கின் இன்னொரு பக்கம் கால்வாய், தொழிற்சாலைகள், நெருக்கியடித்துக் கட்டிய வீடுகள். 1912இல் ஜோசப் கார்டைன் அங்கே உதவிப் பங்குத்தந்தையாக வந்தபோது அவருக்கு வயது 29.

வந்ததும் வீடு வீடாகப் போனார். தையல் வேலைக்குப் போகும் சிறுமிகளைத் திரட்டிச் சின்னச் சின்னக் குழுக்களாக உட்கார வைத்தார். மறைக்கல்வி நடக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கேள்விகள்தான் கிடைத்தன. உன் பட்டறையில் எத்தனை வயதில் வேலைக்கு எடுக்கிறார்கள்? தொழிலை யார் கற்றுத் தருகிறார்கள்? கூலி எவ்வளவு, அதில் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார்கள்? மேஸ்திரி எப்படி நடத்துகிறார்? அடுத்த வாரத்துக்குள் தோழிகளிடம் விசாரித்துவிட்டு வர வேண்டும். விவரம் வந்த பிறகு, இது நியாயமா என்ற பேச்சு தொடங்கும். நியாயமில்லை என்றால் இந்த வாரம் நாம் என்ன செய்யலாம் என்று முடிவெடுத்த பிறகே கூட்டம் கலையும்.

பார், சீர்தூக்கு, செயல்படு என்ற மூன்று படிகளாகப் பின்னாளில் உலகெங்கும் பரவிய வழிமுறை இப்படித்தான் உருவாயிற்று.

கார்டைனை இந்த வேலைக்குத் தள்ளியது அவருடைய சொந்த வாழ்க்கை. 1882இல் பிறந்து ஹல்லே என்ற சிற்றூரில் வளர்ந்தவர். தந்தை நிலக்கரி விற்றுப் பிழைத்தவர். தொடக்கப்பள்ளி முடிந்ததும் கூடப் படித்த பையன்கள் ஆலைக்குப் போக, இவர் குருமடத்துக்குப் போனார். விடுமுறையில் திரும்பி வந்தபோது பழைய நண்பர்கள் ஒட்டவில்லை. முதலாளிகளின் பக்கம் போய்விட்டவனாகவே அவரைப் பார்த்தார்கள். தன்னைப் படிக்க வைக்க உழைத்தே ஓய்ந்துபோன தந்தை 1903இல் இறந்தார். தொழிலாளர்களுக்காகவே வாழ்வது என்று அந்த மரணப் படுக்கையருகே உறுதி எடுத்ததாகக் கார்டைன் பிற்காலத்தில் பலமுறை சொன்னார்.

தொழிலாளர் உரிமை பற்றித் திருத்தந்தை 13ஆம் லியோ 1891இலேயே ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலை வெளியிட்டிருந்தார். சங்கம் சேரும் உரிமை, நியாயமான கூலி எல்லாம் அதில் இருந்தன. ஆனால் 14 வயதில் ஆலைக்குள் நுழையும் பையனுக்கும் அந்த ஏட்டுக்கும் இடையே பாலம் இல்லை. 1911இல் இங்கிலாந்து போன கார்டைன், லண்டன் துறைமுகத் தொழிலாளர் தலைவர் பென் டில்லெட்டைச் சந்தித்தார். தொழிலாளியே தலைவனாக முடியும் என்பதை அங்கே நேரில் கண்டார்.

முதல் உலகப் போர் வந்தது. பெல்ஜியத் தொழிலாளரை ஜெர்மானியர் வலுக்கட்டாயமாகக் கொண்டு போனதை எதிர்த்த கார்டைன் சிறைக்குப் போனார். போர் முடிந்ததும் ஃபெர்னான் தொன்னே, பால் கார்சே, ஜாக் மீர்ட் என்ற மூன்று இளைஞர்கள் அவரோடு சேர்ந்து 1919இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அது இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கமாகப் பெயர் மாறியது. பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம் ‘ஜோக்’, உறுப்பினர்கள் ‘ஜோசிஸ்டுகள்’.

எதிர்ப்பு திருச்சபைக்குள்ளிருந்தே வந்தது. தொழிலாளப் பிள்ளைகளுக்கென்று தனி இயக்கம் எதற்கு, இது வர்க்கப் பிரிவினையைக் கோயிலுக்குள் கொண்டுவராதா என்று பெல்ஜியத் திருச்சபையின் தலைவர் கர்தினால் மெர்சியே தயங்கினார். எல்லா இளைஞரையும் ஒரே குடைக்குள் வைத்திருந்த கத்தோலிக்க இளைஞர் சங்கமும் முகம் சுளித்தது. அந்தப் பொது அமைப்பில் பேசுவது படித்த வீட்டுப் பிள்ளைகள்தான், ஆலைப் பையன் கடைசி வரிசையில் வாய் மூடி உட்கார்ந்திருப்பான் என்பது கார்டைனின் பதில். 1925 மார்ச்சில் ரோமுக்குப் போய் 11ஆம் பயஸைப் பார்த்தார். திருத்தந்தையின் ஆதரவு கிடைத்ததும் உள்ளூர் எதிர்ப்பு அடங்கியது. அடுத்த மாதமே பிரஸ்ஸல்ஸில் முதல் மாநாடு கூடியது.

பிறகு வேகம் பிடித்தது. 1927க்குள் பாரிஸை அடுத்த கிளிஷியில் அருள்தந்தை ஜார்ஜ் கெரான் பிரெஞ்சு ஜோக்கைத் தொடங்கிவிட்டார். சேமிப்பு நிதி, நோய்க்கால உதவி, நூலகம், பத்திரிகை, வேலையில்லா இளைஞருக்கான ஏற்பாடுகள் என்று இயக்கம் விரிந்தது. பெண்களுக்குத் தனிக் கிளை இருந்தது; அதற்குப் பெண்களே தலைமை தாங்கினார்கள். 1935இல் பத்தாம் ஆண்டு விழாவுக்குப் பிரஸ்ஸல்ஸ் ஹெய்ஸல் மைதானத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கூடினார்கள்.

இரண்டாம் உலகப் போர் இந்த இயக்கத்தைக் கடுமையாகவே சோதித்தது. 1942இல் கார்டைனை நாஜிகள் கைது செய்து சில மாதம் சிறையில் வைத்தார்கள். அவரோடு தொடங்கிய மூவரில் தொன்னே, கார்சே இருவரும் 1945இல் டாக்காவ் வதைமுகாமில் இறந்தார்கள். பிரான்சின் ரென் நகரில் அச்சகத் தொழிலாளியாக இருந்த மார்செல் கல்லோவைக் கட்டாய உழைப்புக்காக 1943இல் ஜெர்மனிக்குக் கொண்டு போனார்கள். அங்கும் சக தொழிலாளரைக் கூட்டி ஜோக் வட்டம் நடத்தினார். அளவுமீறிக் கத்தோலிக்கராக இருக்கிறார் என்பதே அவர் மீதான குற்றச்சாட்டு. 1945 மார்ச்சில் மவுத்தவுசனில் உயிர்விட்டபோது அவருக்கு வயது 23. 1987இல் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

1957இல் ரோமில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இளம் தொழிலாளர் கூடி உலக இயக்கத்துக்கு முறையான வடிவம் கொடுத்தார்கள். முதல் தலைவர் கனடாவின் ரோமியோ மயோனே. அடுத்து பிரேசிலின் பார்த்தோலோ பெரேஸ். 1960களின் பிற்பகுதியில் இலங்கையின் ரியன்சி ரூபசிங்க அந்தப் பொறுப்புக்கு வந்தார். லாக்கன் வழிமுறை வத்திக்கான் ஏடுகளுக்குள்ளும் நுழைந்தது. ‘ரேரும் நோவாரும்’ வெளிவந்த 70ஆம் ஆண்டையொட்டி ஒரு சுற்றுமடல் வேண்டும் என்று கார்டைனே 23ஆம் யோவானிடம் கேட்டிருந்தார். 1961இல் வெளியான ‘மாத்தர் எத் மஜிஸ்த்ரா’ அந்த மூன்று படிகளைப் பெயர் சொல்லியே பரிந்துரைத்தது. 1964 அக்டோபரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் பணி பற்றி விவாதித்தபோது, ஆயர்கள் முன் எழுந்து பேசியவர் ஜோக்கில் வளர்ந்த பாட் கீகன். லங்காஷயர் பஞ்சாலையில் வேலை செய்த பையன். மறு ஆண்டு கார்டைன் கர்தினால் ஆனார்.

ஆனால் கேள்வி கேட்பவர்களை முதலாளிகளும் அரசுகளும் விரும்புவதில்லை. தென்கொரியாவின் கங்வா தீவில் சிம்டோ ஜவுளி ஆலையின் ஜோக் பெண்கள் 1967இல் சங்கம் கட்டினார்கள். நிர்வாகம் அவர்களை வேலையிலிருந்து நீக்கியது. 1968 ஜனவரியில் தீவின் 21 ஜவுளி முதலாளிகள், ஜோக் உறுப்பினர் எவரையும் இனி வேலைக்கு எடுப்பதில்லை என்று கூடித் தீர்மானித்தார்கள். அப்போது மாசான் ஆயராக இருந்த கிம் சூ-ஹ்வான் இதைத் தன் வழக்காகவே எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் கொரிய ஆயர்கள் ஒன்றுசேர்ந்து தொழிலாளர் உரிமைக்காக அறிக்கை விட்டார்கள். பிற்காலத்தில் ராணுவ ஆட்சிக்கு எதிராகக் கொரியத் திருச்சபை எடுத்த நிலைப்பாட்டின் வேர்களில் ஒன்று அந்த ஆலைப் பெண்களின் சங்கம். பிரேசிலிலோ ராணுவ அரசு 1970இல் ஜோக் தலைவர்களையே பிடித்துச் சிறையில் போட்டது.

1967இல் கார்டைன் இறந்தார். லாக்கனின் அதே ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அதற்குள் மேற்கு ஐரோப்பாவில் கட்டாயக் கல்வி வயது ஏறியிருந்தது. 14 வயதில் ஆலைக்குப் போகும் பிள்ளைகள் குறைய, இயக்கத்தின் உறுப்பினர் பட்டியலும் சுருங்கியது. ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் அந்த வயதுப் பிள்ளைகள் இன்னும் வேலையில் இருந்தார்கள். பெருகி வந்த இவர்களின் குரல் 1975இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் கூடிய உலக மன்றத்தில் ஓங்கியது. அங்கே ஏற்ற கொள்கைப் பிரகடனம் சமூகத்தையே மாற்றும் போராட்டத்தை முன்னே வைத்தது. மறைப்பணி பின்னால் போய்விட்டது என்று சில நாட்டு இயக்கங்களும் வத்திக்கானும் கவலைப்பட்டன. 1980களின் பிற்பகுதியில் ஒரு பகுதி தனியே பிரிந்து வேறொரு சர்வதேச அமைப்பாகி, வத்திக்கானின் ஏற்பையும் பெற்றது.

இன்றுவரை இரண்டும் தனித்தனியே இயங்குகின்றன. வீட்டு வேலைக்காரப் பெண்கள், ஒப்பந்தக் கூலிகள், வேலை தேடி ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் என்று உறுப்பினர்கள் மாறியிருக்கிறார்கள். கூட்டத்தைத் தொடங்கும் முறையில் மட்டும் இரு தரப்புக்கும் தகராறு கிடையாது: போன வாரம் உன் வேலையிடத்தில் என்ன நடந்தது?