கண் வடிவமும் கண் ஒப்பனையும்

கண்ணின் அமைப்பைப் பார்த்து மை, ஐலைனர், ஐஷேடோ, மஸ்காரா ஆகியவற்றை இடும் இடத்தையும் அளவையும் மாற்றி, கண்ணை எடுப்பாகக் காட்டும் ஒப்பனை முறை இது. வெளிர்நிறமும் மினுமினுப்பும் ஓர் இடத்தை முன்னே கொண்டுவந்து காட்டும். மினுக்கமில்லாத அடர்நிறம் உள்வாங்கிக் காட்டும். இந்த ஒளி, நிழல் கணக்குதான் எல்லா உத்திகளுக்கும் அடிப்படை.

அழகு நிலையங்களில் பாதாம் கண், உருண்டைக் கண், ஆழ்ந்த கண், துருத்திய கண் என்று வகை பிரிப்பார்கள். இவை மருத்துவப் பிரிவுகள் அல்ல. ஒரே முகத்தில் இரண்டு மூன்று வகை கலந்திருக்கும். இடக்கண்ணும் வலக்கண்ணும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதும் அரிது. எனவே வகையின் பெயரைவிட, கண்ணைத் திறந்து நேரே பார்க்கும்போது மேலிமையில் எவ்வளவு இடம் வெளியே தெரிகிறது என்று பார்ப்பதே அதிகம் உதவும்.

புருவத்தடித் தோல் இறங்கி இமை மடிப்பை மறைக்கும் கண்ணை ஒப்பனைக்காரர்கள் ‘ஹூடட்’ என்பார்கள். பிறவியிலேயே சிலருக்கு அப்படி இருக்கும். பலருக்கு வயதாக ஆகத் தோல் தளர்ந்து அப்படியாகும். சிரமம் அதிகம் தருவது இந்த வகைதான். கண்ணை மூடிக்கொண்டு அழகாக வால் இழுத்து ஐலைனர் போட்டால், திறந்ததும் கோடு மடிப்புக்குள் புகுந்து நடுவில் முறிந்துவிடும். அதனால் கண்ணாடியை நேரே பார்த்து, புருவத்தைத் தூக்காமல், கண் திறந்தபடியே வாலின் மேல்விளிம்பை மடிப்பின் மீது வரைகிறார்கள். பிறகு கண்ணை மூடி, மடிப்புக்குள் விழுந்த இடைவெளியை நிரப்புகிறார்கள். மூடிய கண்ணில் அந்தக் கோடு படிக்கட்டுபோல் கோணலாகத் தெரியும், திறந்தால் நேராகிவிடும். ஐஷேடோவின் அடர்நிறத்தையும் உண்மையான மடிப்புக்குச் சற்று மேலே வைத்தால்தான் வெளியே தெரியும்.

மடிப்பே இல்லாத ஒற்றை இமை கிழக்காசியரிடம் மிகுதி. இமையைத் தூக்கும் தசையின் நார் இழைகள் தோலோடு பிணையும் இடத்தில் மடிப்பு விழுகிறது. அந்தப் பிணைப்பு இல்லாவிட்டாலோ மிகத் தாழ்வாக இருந்தாலோ இமை வழுவழுப்பாக இருக்கும். மெல்லிய கோடு இதில் காணாமல் போகும். திறந்த கண்ணில் எங்கே தெரிகிறதோ அங்கே புள்ளி வைத்து, அந்த உயரம்வரை தடிமனாகத் தீட்டுவார்கள். இல்லாவிட்டால் இமை ஓரத்தில் அடர்த்தியாகத் தொடங்கி மேலே போகப் போக வெளுக்கும்படி நிறத்தைக் கலைத்துவிடுவார்கள். ஜப்பானிலும் கொரியாவிலும் மடிப்பை உண்டாக்கும் டேப்பும் பசையும் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. மடிப்பில்லாத இமையைக் குறையாக எண்ணத் தேவையில்லை. பரந்த வண்ணப் பூச்சுக்கு அதைவிடத் தோதான இடமும் இல்லை.

மற்றவை எளியவை. ஆழ்ந்த கண்ணுக்குப் புருவ எலும்பே நிழல் தருவதால் இமைமேல் வெளிர்நிறம் போதும். துருத்திய கண்ணுக்கு மினுக்கமில்லாத நடுத்தர அடர்நிறம். கண்கள் நெருங்கியிருந்தால் மூக்கோர முனையில் வெளிச்சம், வெளிமுனையில் அடர்த்தி, விலகியிருந்தால் நேர்மாறு. கடைக்கண் கீழே சரிந்திருந்தால் ஐலைனரை முனைவரை கொண்டுபோகாமல், சற்று முன்பே மேல்நோக்கித் திருப்புவது வழக்கம்.

கீழிமையின் உள்விளிம்பில் மை தீட்டுவது தமிழ்நாட்டில் பலருக்குப் பழக்கம். பெரிய, உருண்டைக் கண்ணுக்கு அது வடிவைக் கூட்டும். சிறிய கண்ணில் அதே மை முழுச் சுற்றும் ஏறினால் கண் இன்னும் சிறுத்துத் தெரியும்; வெளிப்பாதியில் மட்டும் தீட்டலாம், அல்லது உள்விளிம்பில் தோல்நிறப் பென்சிலைப் பயன்படுத்தலாம். மாநிற இமையில் சில வெளிர் ஐஷேடோக்கள் சாம்பல் பூத்ததுபோல் நிற்கும். அடியில் பிரைமர் என்னும், நிறத்தைப் பிடித்து நிறுத்தும் பூச்சைத் தடவிச் செம்பு, வெண்கலம், கத்தரிப்பூ நிறங்களைப் பூசினால் எடுபடும். புழுக்கமான ஊர்களில் பிரைமர் இல்லாத மை மதியத்துக்குள் கண்ணுக்குக் கீழே இறங்கிவிடும்.

மேடையில் இந்த நுணுக்கங்கள் பின்னுக்குப் போகின்றன. பரதநாட்டியத்தில் கண்ணசைவு கடைசி வரிசைக்கும் தெரியவேண்டும் என்பதால், ஆடுபவரின் கண் எப்படியிருந்தாலும் மேலும் கீழும் தடித்த கோடிட்டுக் காது பக்கமாக நீட்டுகிறார்கள்.

கண் மை பண்டை எகிப்திலேயே வழக்கில் இருந்தது. அங்கே கறுப்புக்குக் கலீனா என்னும் ஈயத்தாதுவையும் பச்சைக்கு மாலகைட்டையும் அரைத்தார்கள். சுர்மா என்னும் மரபான கண் மைப் பொடிகள் சிலவற்றில் இன்றும் ஈயம் இருக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சுர்மாவை ஒப்பனை நிறமியாக அனுமதிப்பதில்லை. இமையின் உள்விளிம்பில் கண்ணீர்ப் படலத்துக்கு எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளின் வாய்கள் திறக்கின்றன. அங்கே தீட்டிய மை அவற்றை அடைத்தால் கண் உலர்ந்து உறுத்தும். திறந்த மஸ்காராவை மூன்று மாதங்களுக்குப் பிறகு மாற்றிவிடுவதும், கண் ஒப்பனைப் பொருள்களை அடுத்தவரோடு பகிராமல் இருப்பதும் கண் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரைகள்.