‘பெர்மனென்ட்’ என்ற சொல்லும் சிவப்பு அடையாள அட்டையும்



‘பெர்மனென்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். பால்பற்கள் விழுந்தபின் முளைப்பவை ‘பெர்மனென்ட்’ பற்கள். தற்காலிக ஆசிரியர் காத்திருப்பது ‘பெர்மனென்ட்’ வேலைக்கு. இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. ‘பெர்’ என்றால் முழுவதும். ‘மனேரே’ என்றால் தங்கியிருத்தல். ஆக, இறுதிவரை தங்கியிருப்பது என்பதே பொருள். நாம் அதனை ‘நிரந்தரம்’ என்கிறோம். ‘அந்தரம்’ என்பது இடைவெளி; இடைவெளியற்றது நிரந்தரம். இரு சொற்களும் காலத்தைக் குறிக்கின்றனவே தவிர, உரிமையைக் குறிக்கவில்லை.

இந்த வேறுபாட்டின் விலையைத் தோட்டத் தமிழர்கள் கொடுத்திருக்கிறார்கள்.

பீடோங் வட்டாரத்திலும் கெடாவின் பிற பகுதிகளிலும் பால்மரம் சீவ வந்தவர்களுள் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். 1957 ஆகஸ்டு 31-இல் நாடு விடுதலை அடைந்தபோது, அன்று முதல் இங்குப் பிறந்த குழந்தைகள் சட்டப்படி குடிமக்கள் ஆயினர். ஆனால் இந்தியாவில் பிறந்த பெற்றோர் பலர் விண்ணப்பம் செய்துதான் குடியுரிமை பெற வேண்டியிருந்தது. எழுத்தறிவும் ஆவணங்களும் இல்லாதோர் பலர் அதனைச் செய்யவில்லை. அவர்கள் கைக்கு வந்தது நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டை. ‘நிரந்தரம்’ என்ற சொல்லே போதும் என்று நம்பினர்.

1968-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த நம்பிக்கையை உடைத்தது. குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்றது அச்சட்டம். 1969-இலும் அதனை அடுத்தும் பல்லாயிரம் இந்தியத் தொழிலாளர்கள் நாட்டை விட்டுச் சென்றனர். தங்கியவர்களும் வாக்குரிமையின்றி, இந்நாட்டுக் கடப்பிதழின்றி முதுமையடைந்தனர்.

இது பழங்கதை அன்று. நிரந்தரவாசிகளுக்கு இங்குப் பிறக்கும் பிள்ளைகள் தாமாகவே குடிமக்கள் ஆகும் விதியை, 2024-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம் நீக்கியது. தாத்தா பாட்டியின் அட்டையோடு முடிந்துவிட்டதாக நாம் எண்ணிய சிக்கல், இன்னொரு தலைமுறையையும் தொடக்கூடும்.

எனவே பெற்றோர்களே, குழந்தையின் பிறப்பைக் காலந்தாழ்த்தாமல் பதிவு செய்யுங்கள். உங்கள் அடையாள அட்டை, திருமணப் பதிவு ஆகியவற்றைச் சரிபாருங்கள். ஆசிரியர்களே, பிறப்புப் பத்திரத்தில் ‘குடிமகன் அல்லர்’ என்ற குறிப்போடு ஒரு மாணவர் வந்தால், ஆறாம் ஆண்டு வரை காத்திராமல் முதலாம் ஆண்டிலேயே பெற்றோரை அழைத்துப் பேசுங்கள்.

சொல்லின் பொருளைக் கற்பிப்பது நம் கடமை. அச்சொல் தராததையும் சேர்த்தே கற்பிப்போம்.